செல்வம் அண்ணன் கைவிட்ட நாயகன்

போன வாரம் ஒரு காலையில், ராசிங்காபுரம் நிறுத்தத்தில் ஜீப்புக்காக நின்றிருந்தோம். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களும், தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்தும் நானும். டிரைவர் செல்வம் அண்ணன் ஒருநாளும் தாமதித்தவர் இல்லை. அன்று ஜீப்புக்குப் பதிலாகச் செய்திதான் வந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அவர் வண்டியில் ஏறி இறங்கிய நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவருடைய பைத்தியம் உங்களுக்குத் தெரியும். தமிழில் பேசவைத்து வெளியான அந்த விண்கலப் படங்கள். புதுப் பாகம் போடி கொட்டகைக்கு வந்தால் அன்று ஜீப்பு ஓடாது. நான்காம் பாகத்தில், பழுதான கலத்தைத் தனியாக ஓட்டி எல்லோரையும் காப்பாற்றிவிட்டுத் தலைவன் சாவான். அண்ணன் அதை ஒன்பது முறை பார்த்து ஒன்பது முறையும் அழுதார். ஜீப்புக் கண்ணாடியில் தலைவன் படத்தைப் பெரிதாக ஒட்டினார். ரோடு தெரிய மிச்சக் கண்ணாடி போதுமா என்று கேலி செய்வேன். "செத்தா அவன மாதிரி சாகணும் டீச்சர்" என்பார். கூட வருகிற எங்களுக்கு அந்த ஆசை இல்லை என்பேன்.

அப்புறம் அந்த மழைக்கால மாலை. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே பதினாறு பேர். ஒரு பக்கம் பள்ளம், முன்னால் வெறும் மூடுபனி. பக்கத்திலிருந்த, ஏலக்காய் எடுக்கும் பேச்சியம்மாவின் நகங்கள் என் கையில் பதிந்துகொண்டிருந்தன. "யாரும் குதிக்காதீங்க, நான் இருக்கேன்" என்றார் அண்ணன், படத்துத் தலைவனின் அதே தோரணையில். இரண்டு வளைவு தாண்டி, மலைப்பக்கம் உரசி நிறுத்தினார். இறங்கி அவரைக் கும்பிட்டோம்.

பேச்சியம்மா கும்பிடவில்லை. "காலையிலயே பிரேக்கு கீச்சுனுச்சு. கேட்டதுக்கு வெரசா ஏறுங்கன்னு சொன்ன. இப்ப நீ காப்பாத்துனியாக்கும்?" என்றார்.

மறுநாள் கண்ணாடியில் படம் இல்லை. ஐந்தாம் பாகம் வந்தபோது ஜீப்பு ஓடியது. ஆறாம் பாகத்துக்கு அவர் மனைவி கட்டாயப்படுத்தி அவரையும் எங்களையும் அழைத்துப்போனார். தலைவன் செத்த காட்சி அதில் பழைய நினைவாக மறுபடி வந்ததும் கொட்டகை விசிலடித்தது. "கெளம்பும்போதே கலம் பழுதுன்னு அந்த மெக்கானிக்கு வேணாம்னான். இவன் கேக்கல. எல்லாரும் மெக்கானிக்கப் பாத்துத்தான சிரிச்சோம்" என்றார் அண்ணன்.

அதிலிருந்து அந்தப் பயந்தாங்கொள்ளி மெக்கானிக்தான் அவருக்கு நாயகன். தினமும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். மனசுக்கு ஒப்பவில்லையென்றால், "வண்டி கெளம்பாது, இறங்குங்க." எத்தனையோ நாள் சோலி கெட்டது. நாம் அவரை ஏசினோம். நானும்தான் ஏசினேன், அது இப்போது உறுத்துகிறது.

நேற்று வேறு ஜீப்பு வந்தது. ஏறி உட்கார்ந்தோம். தெருமுனையில் டிரைவர் பிரேக்கை மிதித்ததும் கீச்சென்று கேட்டது. பேச்சியம்மா என்னைப் பார்த்தார். நான் டிரைவரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஓடும் டீச்சர். நான் இருக்கேன்ல" என்றார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வரி. அதை அவர் குரலிலேயே சொன்னேன்.

"வண்டி கெளம்பாது, இறங்குங்க."

முதலில் பேச்சியம்மா இறங்கினார். பிறகு எல்லோரும் இறங்கினோம்.