ராசாவுக்கு ஒரு கதிரை

தம்பிஐயாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மெல்லக் கதைக்கத் தொடங்கினால்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எழுபத்தெட்டாம் ஆண்டில் அவர் கண்ணை மூடும்வரை அவருடைய கூத்துக்கு மத்தளம் அடித்தவன் நான். அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா ஒருவர்தான்.

தொண்டைமானாற்றில் அவருக்கு ஒரு வள்ளம் இருந்தது. கடலுக்குப் போகாத நேரமெல்லாம் கூத்து. எங்கள் கொம்பனியை நடத்தியது இந்தப் புருசனும் பெண்சாதியும்தான். அவர் பாட்டும் ஆட்டமும் பழக்குவார், முதலாம் ராசாவாக ஆடுவார். அக்கா உடுப்புத் தைப்பார், மட்டையில் வெட்டிய ராச முடிக்கு மினுங்கல் கடதாசி ஒட்டுவார், குடித்துவிட்டு ஒத்திகைக்கு வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவார். அப்படி ஒருமுறை திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன்.

முதலாம் ராசா என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். விடிய விடிய நடக்கிற கூத்தை ஒரு ஆள் தாங்க மாட்டான். ஆகவே ஒரே ராசாவை மூன்று பேர் ஆடுவார்கள். ஒருவர் களைத்துத் திரைக்குப் பின்னால் போக, அதே முடியை வைத்துக்கொண்டு அடுத்தவர் வருவார். சனத்துக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் இரண்டாம் ராசா தில்லைநாதன், மூன்றாம் ராசா சண்முகநாதன். இரண்டு பேரும் தம்பிஐயாவின் வள்ளத்தில் தொழில் செய்தவர்கள்.

அறுபத்தேழாம் ஆண்டு, குடாநாட்டின் நடுவில் ஒரு தோட்டக்கார ஊரில் கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கேட்டார்கள். ஊரின் பெயர் வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

பின்னேரம் லொறியில் போய் இறங்கினோம். சாமான்களோடு எங்கள் சிம்மாசனமும் இறங்கியது. சிம்மாசனம் என்றால் கை வைத்த ஒரு பழைய கதிரை, சிவப்புத் துணி சுற்றியது. கோயில் மனேச்சர் அதைக் கண்டுவிட்டுக் கிட்ட வந்தார்.

"உதென்ன?"

"ராசா இருக்கிற கதிரை," என்றார் தம்பிஐயா.

"அது சரிவராது. கடலுக்குப் போற உங்கடை ஆக்கள் இந்தக் கோயில் வாசலிலை கதிரையிலை இருந்த வழக்கம் இல்லை. நாளைக்கு எங்கடை தோட்டத்திலை வேலை செய்யிறவங்களும் கேப்பாங்கள்."

"இருக்கப் போறது நானில்லை ஐயா, ராசா."

"ராசா நிண்டுகொண்டு கதைக்கட்டும். முடியை வேணுமெண்டால் வையும். அது மட்டைதானே."

கதிரையை மடத்துக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஊருக்குப் போயிருப்பேன். தில்லைநாதனும் போவோம் என்றுதான் சொன்னான். தம்பிஐயா மெல்லக் கதைத்தார்.

"போனால் ஆடத் தெரியாமல் ஓடிட்டாங்கள் எண்டுவாங்கள். நிண்டு ஆடினால் நாளைக்கு எல்லா ஊரிலையும் நிக்கச் சொல்லுவாங்கள். நான் போகவும் மாட்டன், நிண்டு தீர்ப்புச் சொல்லவும் மாட்டன். ராசா இருந்தால்தானே வரவு முடியும்? இருக்கிறதுக்கு இடம் தரும்வரைக்கும் வருவம்."

எங்களுக்கு உடனே விளங்கியது. ராசா சபைக்கு வருகிற ஆட்டத்துக்கு வரவு என்று பெயர். பாடி, மேடையைச் சுற்றி ஆடி, கடைசியில் ராசா சிம்மாசனத்தில் இருந்தால்தான் தீர்மானம் அடித்து அந்தத் தாளத்தைத் தீர்க்கலாம். அவர் இருக்கும்வரை மத்தளம் நிற்கக் கூடாது. எங்கள் கூத்தில் அதற்கு விலக்கே இல்லை.

"உன்ரை கை தாங்குமோ?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கடை கால் தாங்கினால் என்ரை கை தாங்கும் அண்ணை."

அன்றைய கதையில் ராசா தன் சொந்த மைத்துனனுக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் சனம் பாயும் கையுமாக வந்து குந்தியிருந்தது. எல்லாருக்கும் பாய். மனேச்சருக்கு மட்டும், சனத்தின் நடுவில், மேடை நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு கதிரை.

தம்பிஐயா ஆடி வந்தார். சிம்மாசனம் இருக்க வேண்டிய இடத்துக்குக் கையை நீட்டினார், வெறும் பலகையைப் பார்த்தார், திரும்பவும் முதலடியில் இருந்து தொடங்கினார். சனம் நல்ல ஆட்டம் என்று பார்த்தது. பிறகு நெளிந்தது. அவர் களைத்து உள்ளே போக, தில்லைநாதன் அதே முடியோடு அதே வரவோடு வந்தான். அவனும் கையை நீட்டினான், பார்த்தான், தொடங்கினான். சண்முகநாதன் வந்தபோது பின்பாயில் ஒருவர் சிரித்துவிட்டார். திரைக்குப் பின்னால் நாகேஸ்வரி அக்கா ஒருவன் தலையில் இருந்த முடியைக் கழற்றி மற்றவன் தலையில் வைத்தார். களைத்த காலுக்கு எண்ணெய் தேய்த்தார், தேத்தண்ணி கொடுத்தார். அவருக்கு ஒரு கணம் குந்த நேரமில்லை. என் விரல் நுனி வெடித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் மனுசனில்லை என்றிருந்தது எனக்கு.

தம்பிஐயா மறுபடி வந்தபோது, "ராசா இன்னும் வந்து முடியேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்க இடமில்லை, இன்னும் வாறன்," என்று ராகத்தோடு சொன்னார் தம்பிஐயா. பிற்பாட்டுக்காரர் அதையே வாங்கிப் பாடினார்கள்.

"கதிரையைக் குடுங்கோவன். நாங்கள் தீர்ப்பைக் கேக்கவேணும்," என்றது ஒரு பெண்குரல். பிறகு பாய்க்குப் பாய் அதே பேச்சு.

கூத்தை நிப்பாட்டச் சொல்லிக்கொண்டு மனேச்சர் எழும்பி மேடையடிக்கு வந்தார். அவர் எழும்பியிருக்கக் கூடாது. முதலில் அவருடைய கதிரையைத் தூக்கியது யார் என்று இன்றைக்கும் தெரியாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகள் அவை. தலைகளுக்கு மேலால் கைமாறிக் கைமாறி வந்து மேடையில் ஏறியது கதிரை.

தம்பிஐயா அதில் இருந்தார். நான் தாளத்தைத் தீர்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தீர்மானம் நான் அடித்ததில்லை.

சிம்மாசனத்தில் இருந்ததும் ராசா சொல்கிற முதல் வசனம் எங்கள் கூத்தில் எப்போதும் ஒன்றுதான். அன்றைக்கும் அவர் ஒரு சொல்லை மாற்றவில்லை.

"சபையோர் எல்லோரும் அமர்க. குற்றவாளி மாத்திரம் நிற்கட்டும்."

கோயில் வாசலில் நின்றது ஒரே ஒருவர். திரும்பிப் போய் இருக்கக் கதிரை இல்லை, பாயில் குந்த மனம் வரவில்லை. சனம் சிரித்தது. எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

விடிந்து கூத்து முடிந்ததும் தம்பிஐயா அந்தக் கதிரையைத் தன் தோள்துண்டால் துடைத்து, தானே தூக்கிக்கொண்டு போய் மனேச்சர் முன்னால் வைத்தார்.

"பெரிய உபகாரம் ஐயா. இருங்கோ."

மனேச்சர் கதிரையைப் பார்த்தார். மிச்ச இரவு முழுக்க அதில் எங்கள் மூன்று ராசாக்களும் மாறி மாறி இருந்திருக்கிறார்கள். அவர் அதில் இருக்கவில்லை.

உடுப்புப் பெட்டியோடு வந்த நாகேஸ்வரி அக்கா அதைக் கீழே வைத்தார்.

"ஐயா இருக்காட்டில் நான் கொஞ்சம் இருக்கிறன். இரவிரவாய் நிண்ட கால்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். லொறி வரும்வரை அவர் எழும்பவில்லை.