ஜன்னல் இல்லாத அறை

நான் முதன்முதலாகக் கப்பலில் பயணியாக ஏறியது அக்காள் புருஷனின் அறுபதாம் கல்யாணத்துக்காக. அதற்கு முன்பே என் வாலிபம் முழுவதும் உல்லாசக் கப்பல்களில்தான் கழிந்தது. ஆனால் ரூம் பாயாக. படுக்கை விரிப்பேன், குளியலறை கழுவுவேன், துவாலையை யானையாகவும் அன்னமாகவும் மடித்துக் கட்டில்மேல் வைப்பேன். முதுகு விட்டுப்போன பிறகு நைனார்பாளையத்துக்கே திரும்பி, ஒரு காணியில் மரவள்ளி வைத்துக்கொண்டு கிடந்தேன்.

மாமாவுக்கு சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை. ஊரில் எல்லோரும் அறுபதாம் கல்யாணத்தைக் கோயிலில் செய்வார்கள். அவர் கூட்டாளிகளில் ஒருவர் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் கப்பலில் போய்விட்டு வந்து ஆலை வாசலில் உட்கார்ந்து ஒரு வாரம் அளந்திருக்கிறார். அது மாமாவுக்கு உறுத்திவிட்டது. என் வீட்டுக்கே வந்தார். என் வீட்டு வாசலை அவர் மிதித்து வருஷக்கணக்காகியிருந்தது.

"மச்சான், கப்பல் தெரிஞ்ச ஆளு நீதான். நீ வராம எப்பிடி? செலவு என்னுது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுச் சட்டை இரண்டு எடுத்தேன்.

துறைமுகத்தில் ஏறும்போதே எனக்கு ஒரு தடுமாற்றம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உல்லாசக் கப்பல் என்பது கிழவன் கிழவிகளின் இடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, பெரிய பெட்டிகளோடு வாரக்கணக்கில் வந்து தங்குவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு போடாமல் ஒருவரும் வரமாட்டார்கள். தளத்தில் சாய்வு நாற்காலி போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்கக் கடலையே பார்ப்பார்கள். நடக்க முடியாத மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புருஷன்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே எனக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தக் காலத்துக் கப்பல்களிலும் இரக்கம் ஒன்றும் வழிந்தோடவில்லை. ஒரு கிழவியைப் பிள்ளைகள் கப்பலிலேயே விட்டுவைத்திருந்தார்கள். முதியோர் இல்லத்தைவிட இது தோது என்று ஒரு பயணம் முடிந்தால் அடுத்த பயணத்துக்குப் பதிந்துவிடுவார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தம்மாள் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கம்பியோரம் போய் நிற்பாள். ஒருவரும் வந்ததில்லை. ஒரு நாள் காலையில் நான் காபி கொண்டுபோனபோது விறைத்துப்போய்க் கிடந்தாள். மகனுக்குச் சொன்னபோது, பயணம் முடியும்வரை குளிர் அறையிலேயே வைத்திருக்க முடியுமா, நடுவில் வருவது சிரமம் என்றானாம். வைத்திருந்தோம். அன்று மத்தியானமே அறையைக் கழுவி வாசனை அடித்து வைக்கச் சொன்னார்கள்.

பிறகு கப்பல்கள் பருத்தன. மேல்தளத்தில் சறுக்குமரம் வந்தது, ஏறி விளையாடச் சுவர் வந்தது, கடை வீதியே உள்ளே வந்தது. வாரக்கணக்குப் பயணம் நாலைந்து நாளாகச் சுருங்கியது. கிழவர்கள் குறைந்தார்கள், குடும்பங்கள் குவிந்தன. கடலைப் பார்ப்பவர்கள் போய், கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுப்பவர்கள் வந்தார்கள். கடைசி வருஷங்களில் பயணிகள் எங்கள் வேலைக்கு நட்சத்திரம் போடுகிற வழக்கமும் வந்தது. ஒரு குழந்தைக்குத் துவாலை யானை பிடிக்கவில்லை, குரங்கு கேட்டது என்று அதன் அம்மா எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். மேலாளர் என்னை நிற்கவைத்து அதைப் படித்துக் காட்டினார்.

இப்போது நான் ஏறிய கப்பலில் காலைப் பலகாரத்துக்கு இட்லி, வடை, சாம்பார். நீச்சல் குளத்தோரம் டிஜே குத்துப்பாட்டு போட, கள்ளக்குறிச்சி ஆட்களும் சேலத்து ஆட்களும் தொப்பையோடு ஆடினார்கள். கரை மறைந்ததுமே சூதாட்டக்கூடம் திறந்தது. மாமாவின் கூட்டாளிகள் வாசலிலேயே காத்துக்கிடந்தார்கள்.

ஏறினவுடன் அறைச் சாவி அட்டைகளை மாமா பிரித்துக் கொடுத்தார். அவருக்கும் கூட்டாளிகளுக்கும் இரண்டு மகன்களுக்கும் பால்கனி வைத்த அறைகள். எனக்கும் அக்காளுக்கும் கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் இல்லாத அறை.

"இன்னாங்க மாமா இது? அக்கா உங்க கூட இல்லியா?"

"அவளுக்கு முட்டிய புடிச்சிக்கினு நிக்கவே முடியல. பால்கனியில குந்திக்கினு இன்னா பாக்கப் போறா? நீ கூட இரு. கக்கூசு கூட்டினு போறது, துணி மாத்தறது எல்லாம் உனக்குப் பழக்கம்தான? வெள்ளக்காரிக்கு செஞ்சவன் சொந்த அக்காளுக்கு செய்யமாட்டியா?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். மருமகள்கள் இருவரும் போனைப் பார்த்தார்கள். அக்காளும் சிரித்தாள். என்னை எதற்கு அழைத்துவந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அக்காளைப் பார்த்துக்கொள்ள ஆயாம்மா வைத்தால் சம்பளத்தோடு ஒரு டிக்கெட்டும் எடுக்க வேண்டும். அந்த டிக்கெட்டில் என்னை ஏற்றிவிட்டார்.

அறைக்குள் போனதும் அக்காள் கட்டிலில் உட்கார்ந்து நாலு சுவரையும் பார்த்தாள்.

"கடலு எந்தப் பக்கம்டா?"

"இந்தாண்ட ரெண்டு ரூமு தள்ளி, அக்கா."

"சத்தங்கூட கேக்கல." கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தாள். "ஏசி நல்லா இருக்குது" என்றாள்.

அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் போன ஒரே சுற்றுலா கரியாலூருக்கு. கல்யாணமான புதிதில் மாமா ஒரு வேன் பிடித்துக் கூட்டாளிகளோடு கல்வராயன் மலைக்குப் போனார். நானும் போயிருந்தேன். ஆண்கள் எல்லோரும் அருவியில் குளித்தார்கள். அக்காள் கீழே ஓடையோரம் கல் கூட்டி அத்தனை பேருக்கும் கோழிக் குழம்பு வைத்தாள். பாத்திரம் கழுவி முடித்து அருவிப் பக்கம் போகலாம் என்று அவள் எழுந்தபோது, மழை வருகிறது என்று மாமா வேனை எடுக்கச் சொல்லிவிட்டார். அருவியை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மேல்தளக் கூடத்து மேடையில் அறுபதாம் கல்யாணம். அக்காள் காலையிலிருந்தே தயாராகிவிட்டாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. பூ வாடாமல் இருக்கத் துணியை நனைத்துச் சுற்றி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கசங்கிவிடும் என்று படுக்கவில்லை. சாயங்காலமும் ஆனது. யாரும் அழைக்க வரவில்லை. "பசங்க வருவாங்க. வேலையா இருப்பாங்க" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். மேடையில் பலூன் கட்டி, கேக் வைத்து, மாமா கோட்டுச் சூட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெரிய மகனிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தல சுத்துது, வரலன்னு அப்பா சொன்னாரே மாமா" என்றான்.

"யாரு பாத்தா? உங்கப்பன் காலையிலேர்ந்து அந்த ரூமு பக்கம் எட்டிப் பாத்தானா?"

அவன் மேடைப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

கப்பலில் யாரிடம் கேட்டால் எது கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, சிப்பந்திகளுக்கான லிஃப்டிலேயே அக்காளை மேலே கொண்டுபோனேன். உள்ளே நுழைந்ததும், மைக்கைப் பிடித்திருந்த, விவரம் தெரியாத பெண், "கல்யாணப் பொண்ணு வந்துட்டாங்க!" என்று கூவினாள். கூடமே கை தட்டியது. அக்காள் வெட்கத்தில் தலை குனிந்தாள். மாமாவின் முகம் கறுத்தது. ஒரு நொடிதான். மைக்கைப் பிடுங்கினார்.

"நேத்துலேர்ந்து கப்பலு ஏன் இப்பிடி சாயுதுன்னு எல்லாரும் கேட்டுக்கினு இருந்தீங்க இல்ல? இதோ, இந்த வெயிட்டாலதான்!"

கூடம் அதிர்ந்தது. அக்காளும் சேர்ந்து சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அந்தப் பெண் மாலையை நீட்டினாள். மாமா வாங்கி, குனியாமலேயே அக்காளின் மடியில் போட்டார்.

"நீயே போட்டுக்க. எனக்கு இடுப்பு வளையாது."

நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "மாமா, மாலைய கழுத்துல போடுங்க. மடியில போடறதுக்கு அவங்க ஒண்ணும் பிச்சைக்கு குந்தியிருக்கல."

எல்லோரும் அக்காளைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மைக்கை வாயருகே கொண்டுபோய் நிதானமாகப் பேசினார்.

"இவுரு என் மச்சான். இதே மாதிரி கப்பலுங்கள்ல கக்கூசு கழுவினு இருந்தவரு. டிக்கெட்டு எடுத்து மேல ஏத்துனா, எனக்கே ஆர்டரு போடறாரு."

முதலில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். சுவரோரம் தட்டோடு நின்றிருந்த சிப்பந்திகள், மொழி புரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தாங்களும் சிரித்தார்கள். இரண்டு மகன்களில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. அக்காள் மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"வுடுடா. அவுரு தமாசு பண்றாரு" என்றாள். கேக் கொடுத்தார்கள். ஒரு துண்டு முழுவதையும் சாப்பிட்டாள்.

கீழே அறைக்கு வந்தபிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நான் உன்ன கேட்டனா? மேல கூட்டினு போன்னு உன்ன கேட்டனா?"

"காலையிலேர்ந்து கட்டிக்கினு காத்துக்கினு இருந்தியேக்கா."

"இருப்பேன். அது என் பாடு. அவுரு கேலி பண்ணது எனக்கு ஒண்ணுமில்ல, பழகிப்போச்சி. எல்லாரோடயும் சேந்து சிரிச்சிட்டு வந்துருவேன். நீ வாயத் தொறந்தியே, அப்பதான்டா எல்லாரும் என்னப் பாவமா பாத்தாங்க. என் மருமகளுங்க பாத்தாளுங்க. அத எப்பிடிடா நான் தொடச்சிப் போடறது?"

தலையிலிருந்த பூவைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அதன்பிறகு குளியலறைக்குப் போகக்கூட என் கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்வந்தாள்.

சென்னையில் இறங்கியதும் கார்கள் காத்திருந்தன. "உனக்கு இடமில்ல மச்சான். பஸ்ஸு புடிச்சி வந்துரு" என்றார் மாமா. அக்காள் முன் சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டாள். நான் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். அக்காள் பேரனுக்குக் காது குத்தினார்கள், எனக்குச் சொல்லவில்லை. கப்பலில் நான் குடித்துவிட்டு ரகளை செய்தேன் என்று ஊரில் பேச்சு. பரப்பியது யார் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

போன மாதம் அக்காளிடமிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அவுரு கூட்டாளிங்களோட சிங்கப்பூரு பக்கம் பெரிய கப்பல்ல போறாரு. ரூமுக்கு எந்த மாரி பொட்டி தோதுன்னு உன்னக் கேக்க சொன்னாரு."

"நீ போறியாக்கா?"

"கேட்டதுக்கு பதில சொல்லு."

"துணிப்பொட்டி வாங்கச் சொல்லு. கெட்டிப் பொட்டி கட்டிலுக்கடியில போகாது."

"சரி" என்று வைத்துவிட்டாள்.