பேரனின் பால்போத்தலும் ஈயக் குழாயும்

கனடாவில, ஒஷாவாவுக்கு அங்கால, கிராமத்தில மகள் வாங்கின பழைய வீட்டில நிக்கிறன். பேரனுக்குப் பால்மா கரைக்கிறது என்ர வேலை.

குழாய்த் தண்ணியைப் பரிசோதிக்கக் குடுத்திருந்தவை. இண்டைக்கு முடிவு வந்தது. குழாய் ஈயமாம், தண்ணியிலயும் ஈயம் கலந்திருக்காம்.

"பயப்பிடாதை பிள்ளை, நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்" எண்டன், கொஞ்சம் பெருமையா.

மகள் கத்தேல்லை. மெதுவாச் சொன்னாள்: "அப்பா, கொதிச்சாக் கிருமிதான் சாகும். ஈயம் போகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும்."

நானோ, வத்தும்வரை கொதிக்க விடுற ஆள்.

ஈயம் ஏறியிருக்கோ எண்டு பாக்க நாளைக்குப் பேரனுக்கு இரத்தம் எடுக்கினம். கடையில வாங்கின தண்ணியில பால் கரைச்சுக் குடுத்தன். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு குடிக்கிறான்.

கொதிச்சாறின தண்ணியை இப்பிடி நம்பின கெட்டிக்காரன் நான் மட்டுமோ? வேற ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. அதுக்கு முதல் உங்கட குழாயைப் பாருங்கோ.