அறுபத்தெட்டு கிலோ

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு அண்ணி போன் செய்தார். பல் துலக்கிக்கொண்டே சுவரில் சாய்ந்த அண்ணன் பிறகு எழுந்திருக்கவில்லை என்றார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அண்ணன் அல்ல, கார். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அந்தக் கார் அப்பாவுடையது. எங்கள் இருவரையும்விட அதற்கு வயது அதிகம். யாருக்கு என்று சொல்லாமலே அப்பா போய்விட்டார். அண்ணன் மெக்கானிக் என்பதால் அது அவருடைய பட்டறையில் நின்றது. எனக்கு ஆபீசில் பத்திரம், மனு என்று காகிதம் பார்க்கும் வேலை. ஒரு பொருள் நிற்கிற இடத்தைப் பார்த்தே அது யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பழகிவிட்டேன்.

பட்டறைப் பக்கம் அண்ணனுக்கு 'மறுபடி' என்று பெயர். எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டார். உதிரிபாகக் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து எண்ணிக் காட்டினாலும் மறுபடி எண்ணச் சொல்வார். டேங்கில் பாதி இருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால் குச்சி விட்டுப் பார்ப்பார். தான் இறுக்கிய போல்ட்டையே டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை சோதிப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் கைபட்ட வண்டி நடுவழியில் நின்றதாக நான் கேட்டதில்லை. அவருடைய சந்தேகமெல்லாம் சாமான்கள் மேல். எனக்கு ஆட்கள் மேல்.

மூன்று மாதத்துக்கு முன்பு காரின் பின்பக்கத்தைப் பிரிக்கப்போவதாகச் சொன்னார். பட்டை பட்டையாக அடுக்கிய பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் வரும் காயில்ஓவர் மாட்டப்போகிறாராம். அதிலுள்ள வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். வேலை முடியும்வரை இந்தப் பக்கம் வராதே என்றும் சொன்னார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஓட்டாத காருக்கு எதற்கு இந்தச் சிங்காரம்? கண்ணாடி போட்ட ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்ததாக எதிர்க்கடைக்காரர் சொன்னதும், விலை பேசியாகிவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

பிறகு ஒரு நாள் அண்ணன் போன் செய்தார்.

"டேய், உன் எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"கேட்டா சொல்லேன்டா. உன்னைத் தூக்கிட்டா ஓடப்போறேன்?"

காப்பீட்டுப் படிவமோ, என் கையெழுத்தை வாங்கப் பார்க்கும் வேறு காகிதமோ என்று மனம் அலைந்தது. எழுபத்துநான்கை அறுபத்தெட்டாக்கிச் சொன்னேன். பாதி எச்சரிக்கை, பாதி தொப்பையை மறைக்கும் ஆசை. சரி என்று வைத்துவிட்டார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அண்ணியிடம் பட்டறைச் சாவி கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"எதையும் எடுத்து ஒளிச்சு வைக்கல தம்பி. நீங்களே போய்ப் பாருங்க."

கதவைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன், பின்னால் தகராறு வந்தால் காட்டலாமே என்று. கார் தன் சக்கரங்களில் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் மூன்று மணல் மூட்டைகள். பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். அடியில் ஏதோ பதுக்கியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்றுமில்லை. மூட்டைகளில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 25, 25, 18.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். கார் வாங்க வந்தீர்களா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் லேத் பட்டறைக்காரர். ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் பிராக்கெட்டைச் செய்துகொடுத்தவர். அளவுக்காகத்தான் படம் எடுத்தாராம். தரையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏன் சார் இறக்கினீங்க? ஓட்டறவர் எடையை ஏத்திட்டுத்தான் பின்னாடி ரெண்டு பக்கமும் உயரம் வைக்கணும்னு, ரெண்டு நாளா அதையே புடிச்சிட்டிருந்தாரு."

"யார் ஓட்டறதுக்கு?"

"நானும் கேட்டேன். என் தொப்பையைப் பார்த்துட்டு, நீ இல்லப்பா, பயப்படாதேன்னாரு."

அவருடைய எடையைக் கேட்டேன். எண்பத்திரண்டு. அண்ணன் ஐம்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை. அறுபத்தெட்டு கிலோவில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று அப்போதும் என் மனம் வாதாடியது. சுவரில் அண்ணன் கரியால் அளவுகளைக் குறித்திருந்தார். ஒவ்வொரு அளவும் இரண்டு முறை எழுதி, பக்கத்தில் டிக் போட்டிருந்தது. 68 மட்டும் ஒரே முறை. அதன் அருகில் ஒரு தேதி. போனை எடுத்துப் பார்த்தேன். அவர் என்னை அழைத்த நாள் அது.

அது தப்பான எண் என்று லேத்காரரிடம் சொன்னேன். சரியானது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நகர்ந்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

இடது பக்கம் அண்ணன் உயரம் வைத்து, அது நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தையும் இறுக்கியிருந்தார். வலது பக்கப் பூட்டு வளையம் கையால் சுற்றிவிட்ட அளவிலேயே இருந்தது. அதில் இன்னும் ஸ்பேனர் படவில்லை.