ரூத்தின் வயலினுக்கு நான் போட்ட மார்க்

போன ஞாயிறு மத்தியானம் நான் செய்த காரியத்தின் அதிர்ச்சியிலிருந்து நானே இன்னும் மீளவில்லை.

ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபம். சுற்றுவட்டாரத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான இசைப் போட்டி. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். என்ன தகுதி? சின்ன வயதில் ஐந்து வருடம் வயலின் படித்தேன், இப்போது பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். போதாதா?

முதல் பரிசு வாங்குபவருக்குச் சென்னையில் பெரிய இசைக்குழு ஒன்றோடு மேடையேறும் வாய்ப்பு. அதனால் எல்லோர் முகத்திலும் டென்ஷன்.

ஏழாவதாக ரூத் என்ற பெண் வந்தாள். உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. அப்பா கொரியாக்காரர், அம்மாவுக்குப் பக்கத்து ஊரான பிள்ளைப்பாக்கம் என்று அறிவித்தார்கள். முகம் அப்பா ஜாடை போலிருக்கிறது.

நான் ரொம்பப் பொறுப்பாக, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டேன்: “ஆர் யூ... கம்ஃபர்ட்டபிள்?”

“மைக்க கொஞ்சம் கீழ எறக்க சொல்லுங்க சார், வயலின்ல இடிக்குது.”

சிரித்துச் சமாளித்தேன்.

தானே போட்ட மெட்டு ஒன்றை வாசித்தாள். நீண்ட, அசையாத ஸ்வரங்கள்... திடீரென்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அகலமாக உலுக்கினாள். நான் படித்த எந்தக் கமகத்திலும், எந்த ஸ்வர அசைவிலும், அது அடங்கவில்லை. ‘கமகம் பிழை’ என்று எழுதினேன். மார்க்கைக் குறைத்தேன். தாளையும் கொடுத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக் கைக்கு வந்தால் விடுவேனா?

“அந்த நேரான ஸ்வரத்துல உங்க அப்பா நாட்டு ஒழுங்கு தெரியுதும்மா. ஆனா நம்ம தமிழ்க் கமகம் இன்னும் கைக்கு வரல. நல்ல குருவா பாத்து சேருங்க.”

கைதட்டல். ரூத் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், உல்டாவா சொல்லிட்டீங்க. நேரா நிக்குது இல்ல, அது எங்கம்மா. சர்ச் குவயர்ல பாடுவாங்க. தப்புன்னு சொன்னீங்களே ஆட்டம், அது எங்கப்பா. அவங்க ஊரு பாட்டு அப்டிதான் ஆட்டிகினே போவும். சமைச்சிகினே பாடுவாரு. அத கேட்டுதான் வளந்தேன்.”

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். அவளுடைய அப்பா.

“ஆமா சார். ஆட்டம் நான். ஒழுங்கு இவங்க” என்று பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார்.

மண்டபமே சிரித்தது. ரத்தத்தைப் பார்த்து இசையைப் பிரித்தேனே... அதையாவது சரியாகப் பிரித்தேனா?

முடிவு வந்தது. ரூத்துக்கு இரண்டாம் இடம். மற்ற இரு நடுவர்களும் அவளுக்குத்தான் அதிக மார்க் போட்டிருந்தார்கள். கவிழ்த்தது என் தாள்.

அமைப்பாளரிடம் ஓடினேன். “என் மார்க்கைத் திருத்தணும்.”

“டோட்டல் போட்டு அறிவிச்சாச்சு சார். இப்ப மாத்துனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?”

அவர் சொன்னது நியாயம்தான்.

வாசலில் ரூத் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் மார்க்கால்தான் முதல் பரிசு போனது என்ற உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“மன்னிப்புலாம் வேணா சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் மூஞ்சிய பாக்காம கண்ண மூடிகினு கேட்டிருந்தா, அது தப்புன்னு தோணியிருக்குமா?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் அம்மா அப்பாவோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள்.

இசைக்கு மார்க் போடப் போனவன், முகத்துக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்!