அமீனா மாமியிடம் கேட்ட பத்துக் கேள்விகள்

1966 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, அமீனா மாமி கடலூர் முதுநகர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினார். மாமி என் வாப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்து, தையல் மெஷினை மிதித்து மகனை ஆளாக்கியவர். அந்த மகன் நைனா மச்சான்தான் இப்போது பயந்துபோயிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாமி மறந்ததில் சட்டி இரண்டு முறை கருகியிருந்தது. ஞாபகம் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால் முதுநகர் வீட்டை வாடகைக்கு விட்டு, உம்மாவைச் சிதம்பரத்தில் தன்னோடு வைத்துக்கொள்வதாக முடிவு.

பினாங்கு, ஏடன் என்று சுற்றித் திரும்பியிருந்த எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. துணைக்குக் கிளம்பினேன்.

"நேத்து இவன் குடைய ரயில்லயே விட்டுட்டு வந்தான். இவன எந்த டாக்டர்கிட்ட காட்டுறது?" என்றார் மாமி, கூட்டிப்போக வந்திருந்த மச்சான் காதில் விழும்படி.

டாக்டர் சபாபதி எங்களைப் பொழுது சாய்ந்து, மக்ரிப் தொழுகை நேரத்துக்குப் பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். மச்சான் வெளியே பெஞ்சில் இருந்தார். வெளிநாட்டில் படித்தபோது பழகிய பத்துக் கேள்விகளை டாக்டர் தமிழில் கேட்டார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"மாசம்?"

"முகைதீன் ஆண்டவர் மாசம்."

"வருஷம்?"

"ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தாறு."

டாக்டர் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், எங்களுக்குப் பொழுது சாஞ்சாலே மறுநாள். இப்ப வெள்ளிதான். மாசம், வருஷமெல்லாம் பிறைக் கணக்கு. மாமி சரியாத்தான் சொல்றாங்க."

அவர் என்னை அதட்டியிருக்கலாம். சிரித்தார். "காலையில வாங்க. மறுபடி கேக்குறேன்."

காலையில் பிறைக் கணக்கையும் டாக்டர் சரியென்று ஏற்றுக்கொள்ள, பெரும்பாலானவற்றுக்கு மாமி சரியாகவே சொன்னார். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று பொருளில் ஒன்றுதான் வந்தது.

டாக்டர் மச்சானை உள்ளே அழைத்தார். "கொஞ்சம் மறதி இருக்கு, அது நெசம். ஆனா நேத்து கேட்டதுக்கும் இன்னிக்குக் கேட்டதுக்கும் இவ்ளோ வித்தியாசம்னா, இந்தப் பத்துக் கேள்விய நம்பி ஒருத்தர் வீட்டப் பூட்டக் கூடாது. அவுங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. அடுப்ப மட்டும் யாராச்சும் பாத்துக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

"ஒங்க புள்ளைங்களுக்குத் துணி குடுத்தனுப்புங்க, சட்டை தச்சுத் தரேன்," என்றார் மாமி.

பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினேன்.

1969 கடைசியில், பம்பாயில் இருந்தபோது மச்சானின் கடிதம் வந்தது: "உம்மா முதுநகர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மறதி கூடியிருக்கிறது. உன் பெயர் சில நாள் வருவதில்லை. 'அந்த டாக்டருக்கும் கூட வந்த புள்ளைக்கும்' என்று சொல்லித் தினமும் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறார்கள்."