கோணல் வாய் ஒட்டிக்கொண்ட வாரம்

தாராவியில் எங்கள் வீட்டில் இருந்ததே ஒரே ஒரு கண்ணாடி. அதை அம்மா சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டதால், கண்ணாடி வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

விஷயம் இதுதான். ஒரு நாள் காலையில் அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. இடது கண் மூடவில்லை. சிரித்தால் வாய் வலது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போனது. காற்று அடித்துவிட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. லக்வா, அதாவது பக்கவாதம், என்று பயமுறுத்தினாள் எதிர்வீட்டு மராத்திக்காரி. ஆஸ்பத்திரியில், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஒரு பயிற்சி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சிரிக்க வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும். செய்யாமல் விட்டால் கோணல் கொஞ்சம் தங்கிவிடக்கூடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவுக்கோ தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. துணி தைக்கும் கார்கானாவுக்கு லீவு சொல்லிவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சந்துப் பிள்ளைகள் வாயைக் கோணிக் காட்டியிருந்தன. அப்பாதான் யோசனை சொன்னார். "ஏட்டி, நீ எதிர உக்காந்து செஞ்சு காட்டு. அம்மா ஒன்னயப் பாத்துச் செய்வா."

பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிரித்தேன். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். பாதி முகம் மேலே போனது, பாதி அப்படியே தொங்கியது. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றுமே செய்யவில்லை. என் வாய் தானாகப் போய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

பளார் என்று விழுந்தது அம்மாவின் அறை.

"தெருப் பிள்ளைக பழிப்பு காட்டுனது போதாதுன்னு, நீயுமாட்டி?"

அத்தோடு பயிற்சி நின்றது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு அறையைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. இது ஒட்டுவாரொட்டி, எனக்கும் வந்துவிட்டது! பள்ளிக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தேன். பல்வலியா என்று டீச்சர் கேட்டதற்கு ஆமாம் என்றேன். வீட்டில் சொன்னால் ஊசி போடக் கூட்டிப் போவார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அம்மாவுக்குக் கஞ்சி ஒழுகுகிறதென்று அப்பா ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா கோணலாக வாய் திறந்தாள். குனிந்திருந்த அப்பாவின் வாயும் அதே கோணலில் திறந்தது.

"ஐயோ, அப்பாவுக்கும் ஒட்டிக்கிட்டுதே!" என்று அலறினேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, ஒங்க வாயும்லா கோணுது!"

"எனக்கா? எனக்கென்ன?" என்றார் அப்பா, கோணல் வாயோடு. மனிதருக்கு அது தெரியவே இல்லை. அம்மாவைப் பழிப்பு காட்டுகிற ஆள் இல்லை அவர். அது அம்மாவுக்குத் தெரியும். கஞ்சி சிந்தச் சிந்த அரை முகத்தால் சிரித்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கும் இப்படித் தானாத்தான் போச்சாட்டி?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா அழுதாள். அந்தக் கண்ணீர் வலது கன்னத்தில் ஒரு மாதிரியும் இடது கன்னத்தில் ஒரு மாதிரியும் வழிந்தது.

மறுநாளிலிருந்து மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தோம். தீபாவளி வருவதற்குள் அம்மாவின் முகம் நேராகிவிட்டது. கூடவே எங்கள் வாய்களும்.

ஆனாலும் எனக்கு உள்ளூர உதறல்தான். சந்து முனைப் பிள்ளையார் முன்னால் நின்று, தோப்புக்கரணம் போட்டு, மனமுருகி வேண்டிக்கொண்டேன்: இனிமேல் அம்மாவுக்கு என்ன வந்தாலும் அது எனக்கு ஒட்டவே கூடாது.

எதைக் கேட்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, பிள்ளையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை; இன்றைக்கும் அம்மா கண் கலங்கினால் என் கண்ணும் தானாகக் கலங்குகிறது.